அவர் 67 வருடம் வாழ்ந்தவர்

ரே ஜான்சன் என்ற அமெரிக்க ஓவியரின் சாவைப் பற்றிய அந்த '13' பதிவை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். ஓவியம் வரைகிற நண்பர்களே பகிர்ந்திருப்பதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். வயதின் இலக்கங்களைக் கூட்டினால் 13, கடைசியாகத் தங்கிய அறை எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 13, இறந்த தேதியும் 13. உடனே 'மரணத்தையே படைப்பாக்கிய கலைஞன்' என்று ஒரு பட்டம்.

ரே ஜான்சன் 67 வருடம் வாழ்ந்தவர். 1995 ஜனவரியில் ஒரு நாள் இறந்தார். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு மீதி வாழ்க்கை முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டீர்களே, என் கோபம் அதில்தான்.

அவ்வளவு நீளப் பதிவில் ஒரு முயல்கூட இல்லை. முயல் இல்லாமல் ரே ஜான்சனைப் பற்றி எப்படி எழுத முடிகிறது? நீளக் காது, தொங்கும் மூக்கு, உருண்டைக் கண். நண்பரோ, சினிமா நட்சத்திரமோ, யாராக இருந்தாலும் அதே முயல் தலைதான், கீழே பெயர் மட்டும் மாறும். பக்கம் முழுக்க அப்படி வரைந்து, 'இதில் ஏதாவது சேர்த்து ரே ஜான்சனுக்குத் திருப்பி அனுப்பவும்' என்று எழுதித் தபாலில் போட்டுவிடுவார். சில சமயம் தனக்கு வேண்டாம், இன்னாருக்கு அனுப்பு என்பார். அந்த இன்னார் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. இப்படியே முன்பின் அறியாத எத்தனையோ பேரை ஒருவரோடு ஒருவர் பேச வைத்தார். நுழைவுச்சீட்டு இல்லை, கேலரி இல்லை. ஒரு தபால்தலை போதும்.

விவரம் தெரியாமல் கிறுக்கியவரும் அல்ல. டெட்ராய்ட்டில் பிறந்து, பிளாக் மவுண்டன் கல்லூரியில் ஜோசப் ஆல்பர்ஸ் என்ற பெரிய ஓவியரிடம் வண்ணம் படித்தவர். சினிமா, விளம்பரப் படங்களை எடுத்துக் கலையாக்கும் பாப் கலையைப் பற்றி ஊரே பேசுவதற்கு முன்பே, 1950களின் நடுவில், எல்விஸ் பிரெஸ்லி படத்தையும் ஜேம்ஸ் டீன் படத்தையும் வெட்டி ஒட்டி வேலை செய்தவர். 1970இல் நியூயார்க் விட்னி மியூசியம் அவருடைய 'அஞ்சல் பள்ளிக்கு', அதாவது இந்தக் கடிதக் கூட்டத்துக்கு, ஒரு கண்காட்சி வைத்தது. வேறு யாராவது என்றால் தன் படங்களால் சுவரை நிரப்பியிருப்பார்கள். இவர் தனக்குக் கடிதம் எழுதுகிறவர்களை மியூசியத்துக்கு அனுப்பச் சொன்னார். அவர்கள் அனுப்பியவைதான் சுவரில் ஏறின. ஒருமுறை ஒரு கலை விழாவில் ஹெலிகாப்டரில் ஏறி, கீழே இருந்த தீவின் மேல் ஒரு அடி நீள ஹாட் டாக்குகளை (ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடும் சாசேஜ்) போட்டார். ஒருவர் அவர் படத்தின் விலையில் கால்வாசியைக் குறைத்துக் கேட்டார். சரி என்றவர், படத்தில் கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பி வைத்தார். இதில் ஒன்றாவது அந்தப் பதிவில் இருக்கிறதா?

'கடிதத்தில் முயல் வரைந்து அனுப்புவதெல்லாம் கலையா?' என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் ஊர் விட்டுப் போன பழைய மாணவர்களுக்குக் கார்டு போடுவார். ஒரு கழுதையின் முன்பாதி மட்டும் இருக்கும். 'பின்பாதி உன் பொறுப்பு' என்று ஒரு வரி. எங்கள் தெரு தபால்காரர் அதைக் கொடுக்கும்போதே சிரித்துக்கொண்டு நிற்பார், அப்பா வாங்கிப் பார்ப்பார், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார். வெளியூர் ஹாஸ்டலில் அழுதுகொண்டிருந்த காலத்தில் எனக்கு வந்த கழுதையை இன்னும் வைத்திருக்கிறேன். அந்தக் கார்டுக்கு இருந்த உயிர், அதற்குப் பிறகு நான் பார்த்த பல பெரிய கண்காட்சிகளில் இல்லை. இது என் தீர்ப்பு, மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

அந்த ஆசிரியர் இறந்தபோது உள்ளூர்ப் பக்கத்தில் வந்த செய்தி எப்படி இறந்தார் என்பதை மட்டும் சொன்னது. எங்கே, எத்தனை மணிக்கு, யார் முதலில் பார்த்தது. துக்க வீட்டிலும் அதே பேச்சு. அவர் மனைவி உள்ளே உட்கார்ந்திருக்கிறார், திண்ணையில் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கழுதையைப் பற்றி ஒருவர் வாயைத் திறக்கவில்லை. என்னால் அதை இன்னும் மன்னிக்க முடியவில்லை. உங்கள் '13' பதிவைப் பார்த்ததும் அந்தத் திண்ணைதான் கண்ணில் வந்தது.

'அமெரிக்காக்காரனுக்கு நீ ஏன் இவ்வளவு பதறுகிறாய்?' என்றால், பிடித்தவருக்காகப் பதறுகிறேன், அவ்வளவுதான்.

'எண்களோடு விளையாடியது அவரே' என்று சிலர் வருவீர்கள். அவர் ஒரு குறிப்பும் எழுதி வைக்கவில்லை ஐயா. அவர் மனதில் அன்று என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் ஒரு புதிரை நட்டு வைத்து, அதற்கு 'மகத்தான கடைசிப் படைப்பு' என்று பெயர் வைக்கிறீர்கள். கவின்கலைக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பிள்ளையும் உங்கள் பக்கத்தைப் படிக்கிறது. தன் படத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் பிள்ளை. செத்தால்தான் பேசுவார்கள் என்று அதனிடம் சொல்லாதீர்கள். அவர் இறந்த விதத்தைப் பற்றி இங்கே நான் ஒரு வரி எழுத மாட்டேன். கமெண்டில் எழுதினால் நீக்கிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசிக் காலம்தான் வேண்டும் என்றால் அதையாவது ஒழுங்காகச் சொல்லுங்கள். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் லோகஸ்ட் வேலி என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு, கடைசி மூன்று வருடத்தில் ஒரு ஃபிலிம் தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற டிஸ்போசபிள் கேமராக்கள் 137ஐத் தீர்த்திருக்கிறார். அட்டையில் வெட்டிய முயல் தலைகளைக் கடற்கரையிலும் தன் வீட்டுக் கொல்லையிலும் நிற்க வைத்துப் படம் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தப் படங்கள் பல வருடம் பெட்டியிலேயே கிடந்தன. 2022இல் நியூயார்க் மோர்கன் நூலகத்தில் தனிக் கண்காட்சியாக வைத்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், கையில் மலிவுக் கேமராவோடு, தன் ஊருக்குள்ளேயே புதிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். இதைவிடவா 13 சுவாரசியம்?

பதிவை எழுதிய நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அழிக்க வேண்டாம். பதிவில் போட்டிருக்கும் படத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு முயல் பக்கத்தைப் போடுங்கள். படம் உங்களிடம் இல்லை என்றால் சொல்லுங்கள், இன்றே அனுப்புகிறேன்.