மாதம் 50 ஆயிரம் போதுமா?
சொந்த வீடு இருந்தால், ஓய்வுக்குப் பிறகு சென்னையில் ஒரு தம்பதிக்கு மாதம் 50 ஆயிரம் போதும் என்கிறது ஒரு கட்டுரை. முதல் சில வருடங்களுக்குப் போதும், அவ்வளவுதான். இருவருக்கும் 60 வயது நிறைந்திருந்தால், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஆளுக்கு 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மாதத்துக்கு 41,000 ஆகிறது, ஆனால் கைக்கு வருவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் கூட்டுக் கணக்காக 15 லட்சம் போட்டால், 7.4 சதவீதத்தில் 9,250. ஆக, 75 லட்சம் முடங்கினால்தான் அந்த 50 ஆயிரம். சிக்கல் இனிமேல்தான்: இந்த வட்டி ஐந்து வருடத்துக்கு ஒரு ரூபாய்கூட ஏறாது. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், இதே செலவு 12 வருடத்தில் ஒரு லட்சம். அதனால் இன்னொரு 25, 30 லட்சமாவது தொடாமல் வளர வேண்டும், அதில் ஒரு பங்கு மியூச்சுவல் ஃபண்டில். அந்தக் கட்டுரைக்குப் பின்னூட்டமாக ஒருவர் "எனக்குத்தான் பென்ஷன் இருக்கிறதே" என்று எழுதியிருக்கிறார். அரசு ஊழியர்களுக்கான பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். அவருக்குப் பின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் வழக்கமாக அதே சம்பளத்தில் 30 சதவீதம்தான். ஃபிளாட் மெயின்டனன்ஸ், சொத்து வரி, கோடையில் தண்ணீர் லாரி எதுவும் ஆள் குறைந்ததால் குறையாது. துணைக்கு ஆள் வைத்தால் செலவு கூடவே செய்யும். தனியாக இருக்கப்போகிறவருக்கு என்ன வரும் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள், தயவுசெய்து.