பாஞ்சோவைக் கீழ வெச்சப்புறம் வர்ற பாட்டு

அமெரிக்க கன்ட்ரி மியூசிக்ல ஒரு வகையான புளூகிராஸ் பத்திப் பேச்செடுத்தாலே "அதான் கார் சேஸிங்குக்குப் போடுற பாஞ்சோ மியூசிக்தானே"ன்னு நம்ம ஆளுங்க முடிச்சுடுறாங்க. வட்டத் தோல் முகம் வெச்ச அந்தத் தந்தி வாத்தியத்துல ஸ்பீடு இருக்கு, விரல் வித்தை இருக்கு, இல்லைங்கல. ஆனா அந்த இசையில எனக்குப் புடிச்சது அவங்க பாடுற கிறிஸ்தவப் பாட்டுங்கதான், அதுவும் வாத்தியத்தையெல்லாம் ஓரங்கட்டிட்டு நாலு பேர் சேர்ந்து பாடுறது. எனக்கு சாமி நம்பிக்கை பெருசா கிடையாதுங்க, பக்திப் பதிவுன்னு நினைச்சு கீழ ஆமென் போட்டுட்டுப் போயிடாதீங்க.

1946 செப்டம்பர், சிகாகோ. புளூகிராஸோட தந்தைன்னு சொல்ற மாண்டலின்காரர் பில் மன்றோவோட டீம் ரெக்கார்டிங்குக்கு வந்திருக்கு. கித்தார்ல லெஸ்டர் ஃபிளாட், பாஞ்சோல ஏர்ல் ஸ்க்ரக்ஸ், ஃபிடில்ங்கிற வயலின்ல சப்பி வைஸ், பாஸ் ஹோவர்ட் வாட்ஸ். இன்னிக்கு புளூகிராஸ்னு நாம சொல்றது இந்த அஞ்சு பேர் கையிலதான் உருவாச்சு, ஸ்க்ரக்ஸ் மூணு விரல்ல வாசிக்கிறதைப் பாத்து ஊரே வாயப் பொளந்துட்டு இருந்த நேரம். அந்த செஷன்ல 'விக்கெட் பாத் ஆஃப் சின்'னு ஒரு பாட்டு. அதுல பாஞ்சோவும் இல்ல ஃபிடிலும் இல்ல, முன்னால கேக்குறது மன்றோவோட மாண்டலினும் ஃபிளாட்டோட கித்தாரும் மட்டும்தான். ஸ்க்ரக்ஸ் பாஞ்சோவைக் கீழ வெச்சுட்டு பாரிடோன்ங்கிற நடுக்குரல் பாடுறாரு, வாட்ஸ் அடிக்குரல், மன்றோ உச்சத்துல டெனர். இந்த மாதிரி பாட்டுங்களுக்குன்னே அவங்களுக்கு வேற பேரு, புளூகிராஸ் குவார்டெட். அப்புறம் ஃபிளாட்டும் ஸ்க்ரக்ஸும் தனியா பிரிஞ்சு போய் சொந்த டீம் வெச்சப்பவும் இந்தப் பழக்கம் போகல, இந்த மாதிரி பாட்டு வந்தா ஸ்க்ரக்ஸ் கித்தாரைத்தான் எடுப்பாரு, விரலாலயே மீட்டுவாரு, என்னா அழகுங்க அது!

அவ்ளோ பெரிய வித்தைக்காரன் தன்னோட வித்தையை ஒதுக்கி வெக்கிறான்ல, அங்கதான் நான் விழுந்தேன்.

அடுத்து ஸ்டான்லி பிரதர்ஸ். வர்ஜீனியா மலைப்பக்கம், கார்ட்டர் அண்ணன், ரால்ஃப் தம்பி. இவங்க வளர்ந்த பிரிமிடிவ் பாப்டிஸ்ட் சபையில வாத்தியமே கூடாது. ஒருத்தர் ஒரு வரியை வேகமா எடுத்துக் கொடுப்பாரு, மொத்த சபையும் அதை இழுத்து இழுத்துப் பாடும். ரால்ஃப் குரல்ல ஒரு நடுக்கமும் நெளிவும் இருக்கும் பாருங்க, அது அங்க இருந்து வந்ததுதான். 1960ல வந்த 'ரேங்க் ஸ்ட்ரேஞ்சர்' கேளுங்க. ஆல்பர்ட் பிரம்லி எழுதினது. ரொம்ப நாள் கழிச்சு ஒருத்தன் தன் சொந்த ஊருக்கே திரும்பி வர்றான், அவனைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட இல்ல, அம்மா அப்பா இல்ல, எதுக்க வர்றவன் எல்லாம் அந்நியன். கார்ட்டர் சரணத்தை அலட்டிக்காம, ஏதோ கதை சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போவாரு, பல்லவியில ரால்ஃப் மேல ஏறுவாரு பாருங்க, எனக்கு இன்னும் புல்லரிக்குது. கடைசியில சொர்க்கத்துல பாத்துக்கலாம்னு ஒரு ஆறுதல் வரும், ஆனா பாட்டு முடிஞ்சப்புறம் மனசுல நிக்கிறது அந்த ஆறுதல் இல்ல, யாருமே இல்லாத அந்த ஊரு.

1966 டிசம்பர்ல கார்ட்டர் போயிட்டாரு, 41 வயசு. தம்பி அதோட நிறுத்தியிருந்தா கூட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அவரு ராய் லீ சென்டர்ஸைப் பாட வெச்சாரு, கார்ட்டர் குரல் மாதிரியே இருக்கும், கூடவே கீத் விட்லி, ரிக்கி ஸ்காக்ஸ்னு ரெண்டு டீனேஜ் பசங்களையும் சேர்த்துக்கிட்டு 1971ல 'க்ரை ஃப்ரம் தி க்ராஸ்' ஆல்பம் போட்டாரு. என் கணக்குல இந்த வகையில இதுக்கு மேல ஒரு ஆல்பம் கிடையாது. வாத்தியமே இல்லாம வெறும் குரலை மட்டும் வெச்சுப் பாடுறதை புளூகிராஸுக்குள்ள கொண்டு வந்ததும் ரால்ஃப்தான். 'ஓ பிரதர்'ங்கிற ஹாலிவுட் படத்துல பாடின 'ஓ டெத்'துக்கு 75 வயசுல கிராமி கொடுத்தாங்க, சந்தோஷம், ஆனா அந்த ஒரு பாட்டோட நிறுத்திட்டு அவரைத் தெரியும்னு சொல்றவங்களைப் பாத்தா கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கு.

இப்ப சண்டைக்கு வருவீங்க, இந்த வகையில பேர் போன இன்னொருத்தர் டாய்ல் லாசன் எங்கன்னு. 1981ல வந்த 'ராக் மை சோல்' எனக்கும் தெரியும், கறுப்பின குவார்டெட்டுகளோட ஸ்டைலை எடுத்து ஹார்மனியை அப்படி தீட்டி வெச்சிருப்பாரு, ஒரு பிசிறு இருக்காது. அந்தப் பிசிறு இல்லாததுதான் என் பிரச்சினையே. அவருக்கப்புறம் வந்த டீம் பாதி அவரைப் பாத்து இன்னும் பாலிஷ் போட்டு போட்டு, இப்ப வர்ற ஆல்பம் நிறைய ஷோரூம் டைல்ஸ் மாதிரி வழுக்குது. ஐசக்ஸ்னு ஒரு பாட்டுக் குடும்பத்தை மட்டும் விட்டுடுறேன், அந்த அம்மா லில்லி ஹோலோகாஸ்ட்ல தப்பிப் பிழைச்ச போலந்து யூதத் தம்பதியோட பொண்ணு, அவங்க இந்தப் பாட்டுக்குள்ள வந்த கதைக்கே தனிப் பதிவு போடணும்.

வித்தையை ஒதுக்கி வெச்சாத்தான் பாட்டு நிக்கும்ங்கிற என் தியரிக்கு நேர் எதிரி ஒரு குடும்பம் இருக்கு, ஜார்ஜியாவோட லூயிஸ் ஃபேமிலி. அகஸ்டா டிவியில 1954ல இருந்து 1992 வரைக்கும் ஷோ பண்ணினவங்க. அதுல லிட்டில் ராய்னு ஒரு மனுஷன், பாஞ்சோவைக் கீழயே வெக்க மாட்டாரு, நடுவுல காமெடி வேற, அக்காமாருங்க பாடிட்டு இருக்கும்போதே வம்பு இழுப்பாரு. யூடியூப்ல கெடச்சா பாருங்க, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். அந்தக் கூத்து நடுவுலயும் ஹார்மனி துளி கூட அசையாது, அதுக்கு எப்படிப் பதில் சொல்றதுன்னு எனக்கு இன்னும் புரியல.