அந்த 47 சதவீதக் கணக்கு

"ஏஐயால் 47 சதவீதம் பேருக்கு வேலை போகும் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு நிரூபித்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண் சரி, அதற்குச் சொல்லும் அர்த்தம்தான் தப்பு.

அது ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு. சாட்ஜிபிடி வருவதற்கு 9 வருஷம் முன்பு! கணக்கும் அமெரிக்க வேலைகளுக்கு மட்டும். 702 தொழில்களில் 70ஐ எடுத்து, 'இதை முழுவதும் இயந்திரத்திடம் விடலாமா' என்று நிபுணர்களை வைத்து ஆம், இல்லை என்று குறித்தார்கள். அந்தக் குறிப்புகளை வைத்து மீதித் தொழில்களுக்கு ஒரு கணினி நிரல் ஊகித்தது. 47 சதவீத வேலைகள் தானியங்கியாக மாறும் வாய்ப்பு தொழில்நுட்ப ரீதியில் அதிகம், அவ்வளவுதான் முடிவு. எத்தனை வேலை உண்மையில் போகும் என்று அவர்கள் கணிக்கவே இல்லை. அந்தப் பட்டியலில் ஃபேஷன் மாடல்களுக்கும் 98 சதவீத ஆபத்து என்று இருக்கும். கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அப்புறம் 2016இல் ஓஇசிடிக்காக (பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு) செய்த ஆய்வு, தொழிலை மொத்தமாக எடுக்காமல் அதற்குள் இருக்கும் பணிகளைப் பிரித்துப் பார்த்தது. 21 நாடுகளின் சராசரி 9 சதவீதம்தான் வந்தது.

இதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர்களைப் பாருங்கள். வேலை இருக்கிறது. ஆனால் இயந்திரம் தந்த வரைவை நீட்டி, "திருத்தினால் போதும்" என்று கூலியைக் குறைக்கிறார்கள். வரைவு மோசமாக இருந்தால் புதிதாக எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். அது எந்த வேலையிழப்புக் கணக்கிலும் வராது.