பஞ்சதந்திரத்தைப் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

போன ஞாயிறு மழை. பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் கரண்ட் போய்த் திரும்பி வந்ததும், சிரிக்கிற மாதிரி ஏதாவது போடச் சொன்னார் மாமியார். நானும் யோசிக்காமல் பஞ்சதந்திரம் போட்டேன். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. காலேஜ் படிக்கும்போது நாலைந்து தடவை பார்த்த படம்தானே, இதில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற தைரியம்.

2002இல் வந்த படம், கே.எஸ். ரவிகுமார் இயக்கம், வசனம் கிரேசி மோகன். கமல் விமானம் ஓட்டுகிறவர். ஐயர், நாயர், ஹெக்டே, ரெட்டி என்று நாலு நண்பர்கள். சந்தேகப்பட்டு மனைவி சிம்ரன் கோபித்துக்கொண்டு போய்விட, கமலைத் தேற்றுகிறோம் என்று நண்பர்கள் கிளம்பி பெங்களூருக்கு வருகிறார்கள், ஓட்டலுக்கு அவர்கள் வரவழைத்த பாலியல் தொழிலாளி மேகி (ரம்யா கிருஷ்ணன்) பிணமாகக் கிடக்கிறாள், அப்புறம் உடலை எங்கே ஒளிப்பது, வீட்டில் என்ன புளுகுவது என்று ஓட்டமோ ஓட்டம்.

சென்னைக்காரனுக்குத் தப்புப் பண்ண பெங்களூர், சரி. இங்கேயே இருக்கிற நம்ம வீட்டு ஆம்பளைங்க எங்கே போவாங்க என்று கணவரைக் கேட்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

வசனத்துக்கு ஈடே இல்லை. மேடை நாடகத்தில் ஊறியவர் எழுதியது என்பது தெரிகிறது. ஒருவர் சொன்ன வார்த்தையை அடுத்தவர் வேறு அர்த்தத்தில் பிடித்துக்கொள்வார், அதற்குச் சிரித்து முடிப்பதற்குள் இன்னும் மூன்று போய்விடும். ஐந்து பேரும் ஒரே மூச்சில் பேசுவது போல இருக்கும். பள்ளியில் கன்னடம் பேசுகிற என் பிள்ளைகளுக்கு ஹெக்டேயாக வரும் கன்னட நடிகர் ரமேஷ் அரவிந்தைப் பார்த்ததும் குஷி. வைரத்தைத் துரத்துகிற பிற்பாதி மட்டும் இழுவை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரட்டை அர்த்தம் ஏராளம், ஆனால் அதெல்லாம் பிள்ளைகளின் தலைக்கு மேலே பறந்துவிட்டது, நான்தான் ஒவ்வொன்றுக்கும் இருமிக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். "மேகி யாரும்மா, எதுக்கு அந்த ரூமுக்கு வந்தாங்க?" என்றாள் மகள். நண்பர்களுக்குத் தெரிஞ்சவங்க என்று சமாளித்தேன். "அப்புறம் செத்துப்போனதுக்கு ஏன் யாருமே அழல?"

இத்தனை தடவை பார்த்தும் எனக்கு இது தோன்றவே இல்லை. மேகி செய்கிற தொழிலை வைத்தே அந்த உடலை மூட்டை மாதிரி தூக்கிப் போகலாம், நாமும் சிரிக்கலாம் என்று படம் முடிவு செய்துவிடுகிறது. நானும் 20 வருஷமாகச் சிரித்திருக்கிறேன்.

இப்போது யுஏ சான்றிதழையே 7, 13, 16 என்று வயது வைத்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பழைய படங்களுக்கு நாம்தான் கணக்குப் போட வேண்டும். என்னைக் கேட்டால் இதற்கு 13, அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் இருந்தால்.

அன்றைக்குப் பாதியில் நிறுத்திவிட்டேன். மாமியாருக்குத்தான் கோபம். பிள்ளைகள் தூங்கியதும் மீதியைப் போடச் சொன்னார். போட்டேன், பன்னிரண்டரை வரைக்கும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.