மல்லிகை வேண்டாம், லாவெண்டர் வேண்டாம், அழுக்குப் போனால் போதும்

துணி துவைக்கிற பவுடருக்கு எதற்கு இத்தனை வாசனை? சூப்பர்மார்க்கெட்டில் அந்த வரிசைக்குள் நுழைந்தாலே மூக்கு எரிகிறது. ரோஜா, மல்லிகை, லாவெண்டர், எலுமிச்சை, இதெல்லாம் போதாதென்று 'காலைப் பனி' என்று ஒன்று. பனிக்கு ஏது வாசனை? நான் தேடுவது வாசனை போடாத, கலர் புள்ளிகள் போடாத, மாதக் கடைசியிலும் வாங்க முடிகிற விலையில் ஒரு கிலோ பவுடர். சென்னை மாதிரி ஊரில் அதற்கு நான் படும் பாட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

எனக்குக் கரப்பான் உடம்பு. ஜாக்கெட் கை இறுக்கிப் பிடிக்கிற இடம், உள்பாவாடை நாடா பதிகிற இடுப்பு, கழுத்தின் பின்பக்கம், இந்த மூன்றும் சித்திரை பிறந்தால் போதும், சிவந்து தடித்துவிடும். அலசிய பிறகும் துணியில் கொஞ்சம் பவுடர் தங்கத்தான் செய்கிறது. வியர்வை ஊறும்போது அது மறுபடி கரைந்து தோலில் இறங்குகிறது. தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "வாசனை இல்லாத மைல்டான டிடர்ஜென்ட்டா பாத்து வாங்கிக்கோங்கம்மா" என்றார். எது டாக்டர் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கடையில கேட்டுப் பாருங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கேட்டேனே! எங்கள் தெரு அண்ணாச்சி ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாசனை இல்லாமலா? அது பழைய சரக்காத்தாம்மா இருக்கும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. துணியை முகர்ந்து பார்த்துத்தான் சுத்தம் என்று நம்ப வேண்டும் என்று விளம்பரக்காரர்கள் நம் எல்லோரையும் பழக்கிவைத்திருக்கிறார்கள். வாசனை அழுக்கைத் தொடுவதுகூட இல்லை. வெளுப்புக்காகச் சேர்க்கிற ஒளிரும் பொருளும் அப்படியே. அது கறையை எடுக்காது. துணியிலேயே ஒட்டிக்கொண்டு, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக விடும்; நம் கண் அதைப் பளிச் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். ஆக, அலசினாலும் போகக் கூடாது என்று திட்டம் போட்டே சேர்க்கிற சாமான்கள் இவை. போதாக்குறைக்கு, நாள் முழுக்க மணக்கட்டும் என்று வாசனையைக் கண்ணுக்குத் தெரியாத குமிழ்களில் அடைத்துக் கலக்கிறார்கள். துணி உரச உரச அது உடைந்துகொண்டே இருக்கும். யாருடைய தோலில் உரசி உடைகிறது என்று யோசித்தார்களா?

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் விலை இருக்கிறது, எடை இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது, குழந்தை கைக்கு எட்டாமல் வை என்று இருக்கிறது. சேர்மானப் பட்டியல் மட்டும் இல்லை. சில பாக்கெட்டில் இரண்டு மூன்று பொதுப் பெயர்களோடு முடித்துக்கொள்கிறார்கள். அஞ்சு ரூபாய் பிஸ்கட்டில் உப்பு வரை எழுதியிருக்கிறான். குளிக்கிற சோப்பு உறையிலும் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. குளிக்கிற சோப்பு அஞ்சு நிமிடம் தோலில் இருந்துவிட்டு ஓடிவிடும். துணி பவுடர் விடிந்ததிலிருந்து இரவு வரை இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் 2005 அக்டோபரிலிருந்தே டிடர்ஜென்ட்டுக்கு இதற்கென்று சட்டம் அமலில் இருக்கிறது. ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருள்கள் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் சொல்லி எழுத வேண்டும். பதப்படுத்தும் மருந்து எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழுத வேண்டும். லிமோனீன் என்கிற வாசனைப் பொருள் ஆகாதவர் அங்கே பாக்கெட்டைப் பார்த்தே தப்பித்துக்கொள்வார். இங்கே நாம் உடுத்திப் பார்த்துச் சொறிந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் அந்த 'தோல் மருத்துவர்களால் பரிசோதிக்கப்பட்டது' முத்திரை. பரிசோதித்தார்கள் சரி, முடிவு என்ன? எத்தனை பேரிடம், எத்தனை நாள்? ஒன்றும் கிடையாது. 'ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது ஒவ்வாமை தருவது குறைவு என்கிற முத்திரையின் கதை இதைவிட மோசம். அமெரிக்காவில் உணவு, மருந்துகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 1975இல் அழகுசாதனப் பொருள்களில் அந்தச் சொல்லைப் போட வேண்டுமானால் சோதித்து நிரூபிக்க வேண்டும் என்று விதி போட்டது. கம்பெனிகள் வழக்குக்குப் போயின, 1977இல் விதி நீதிமன்றத்தில் செத்துப்போனது. இன்றைக்கும் அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி ஓர் அர்த்தம் கிடையாது. அதை நம் ஊர் பாட்டிலில் அச்சடித்தால் விலை மட்டும் ஏறிவிடுகிறது.

விலை என்றதும்தான் வயிறு எரிகிறது. மென்மையான டிடர்ஜென்ட் என்று கேட்டால் கடைக்காரர்கள் கை காட்டுவது குழந்தைத் துணிக்கான லிக்விட். சாதாரண பவுடர் விலையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. பாட்டிலில் தூங்குகிற குழந்தை, பக்கத்தில் ஒரு இலை. திறந்து பார்த்தால் அதிலும் வாசனை! வாசனையையும் சாயத்தையும் எடுத்துவிட்டால் செலவு குறையத்தானே வேண்டும்? சர்க்கரை போடாத காபிக்குக் கூடுதலாகக் காசு கேட்கிற கணக்காக இருக்கிறது. வழக்கமான பவுடர் 10 ரூபாய் சாஷேயில் தோரணமாகத் தொங்குகிறது, வாங்கி ஒரு தடவை துவைத்துப் பார்க்கலாம். இந்த மென்மைச் சரக்கில் சாஷே என் கண்ணில் பட்டதே இல்லை. முழு பாட்டில் வாங்கித்தான் நம் தோல் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தாங்கவில்லையா, கொடுத்த காசு போச்சு.

லிக்விட் என்றாலே சாது என்று ஒரு நம்பிக்கை வேறு. தண்ணீர் கலந்த எதுவும் கெடாமல் இருக்க மருந்து சேர்க்க வேண்டும். லிக்விடுகளில் அப்படிச் சேர்க்கப்படுகிற ஒன்று மெத்தில் ஐசோதயசோலினோன். அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013இல் 'அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று பட்டம் கட்டியது இதற்குத்தான். காய்ந்த பவுடருக்கு இந்த வம்பு தேவையில்லை. சில பேருக்கு மலிவான பவுடரே மேலாகக்கூட இருக்கலாம். எது எதில் இருக்கிறது என்று எழுதியிருந்தால்தானே தெரியும்?

படித்தவர்கள் சொல்லும் இன்னொரு பதில் எனக்குக் கோபத்தைக் கிளப்பும்: "டிடர்ஜென்ட் அலர்ஜி ரொம்ப அபூர்வம்." உண்மைதான். 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 738 பேருக்குப் பேட்ச் டெஸ்ட், அதாவது பொருளைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் சோதனை, செய்ததில் டிடர்ஜென்ட்டுக்கு ஒவ்வாமை காட்டியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் ஒவ்வாமை வேறு, எரிச்சல் வேறு. நம் தோல் லேசான அமிலம்; அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவில் 5 பக்கம். வாஷிங் சோடா கலந்த பவுடர் கரைசல் 10 பக்கம். அந்த அளவில் ஒரு எண் ஏறினாலே காரம் பத்து மடங்கு. மெஷினில் போட்டு மூடிவிட்டு நகர்கிறவர்களுக்கு அது பெரிதில்லை. இங்கே எத்தனை வீட்டில் பக்கெட்டில் ஊறவைத்து, முழங்கை வரை கையை விட்டுக் கசக்கி, கல்லில் அடித்துத் துவைக்கிறார்கள்? நாலு வீட்டுத் துணி துவைக்கும் அக்காக்களின் விரலிடுக்கைப் பாருங்கள், வெடித்து வெளுத்திருக்கும். அது அலர்ஜி இல்லை என்று சொல்லிவிட்டால் எரியாமல் இருக்குமா?

"இன்னொரு தரம் அலசுங்கள்" என்பது எல்லோரும் தருகிற யோசனை. நல்ல யோசனை. தண்ணீர்? எங்கள் போர் தண்ணீரில் குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் படை கட்டுகிறது. அதில் பவுடர் சரியாக வேலை செய்யாது, அதனால் இன்னொரு கரண்டி கூடப் போடுகிறோம், போட்டது போகாது, அதனால் இன்னும் இரண்டு பக்கெட். மே மாதம் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிற குடியிருப்பில் போய் இரண்டு பக்கெட் அதிகம் என்று சொல்லிப் பாருங்கள், அசோசியேஷன் குரூப்பில் உங்கள் பேர் நாறிவிடும்.

பூந்திக்கொட்டை சொல்லும் பெரியம்மாக்களும் உண்டு. பட்டுக்கும் நகைக்கும் அருமையான சாமான், மறுக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கேறிய காலரோடு ஒரு வாரத் துணி முன்னால் அது நிற்காது. 'அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கை' என்று ஆரம்பிப்பவர்களுக்கு: அந்தக் காலத்து உவர்மண்ணும் காரம்தான். அதில் துணி வெளுத்தவர்கள் கையை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

இப்போதைக்கு என் ஏற்பாடு: கடைசி அலசலில் துணிக்குப் போடுகிற கம்ஃபர்ட் வகையறா வீட்டுக்குள் வரக் கூடாது, பவுடர் அவன் சொல்லும் அளவில் பாதி, ஜாக்கெட்டும் உள்ளாடையும் மட்டும் தனியாக இரண்டு அலசு. தடிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

பாக்கெட்டில் வாடிக்கையாளர் சேவை எண் இருக்கிறதே என்று போன வாரம் கூப்பிட்டேன். இதில் வாசனைக்கு என்ன சேர்க்கிறீர்கள், வாசனை இல்லாத வகை உண்டா, இந்த இரண்டு கேள்விதான். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டு, "கண்டிப்பா மேடம், உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிறேன்" என்றாள். சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது. புகார் எண், தேதி, அதற்குக் கீழே புகாரின் வகை: 'பொருளில் வாசனை இல்லை.'