கான்ஸ்டான்டினோப்பிள்: மதிலுக்கு உள்ளே யார், வெளியே யார்?

1453 மே 29. பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோப்பிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லை, உஸ்மானியத் துருக்கியரின் சுல்தான் மெஹ்மது பிடித்த நாள். அதைச் சிலுவைக்கும் பிறைக்கும் நடந்த சண்டை என்று வருஷா வருஷம் வாட்ஸப்பில் சுற்ற விடுகிறார்கள். ஒரு கோஷ்டி பட்டாசு வெடிக்கிறது, இன்னொரு கோஷ்டி ஒப்பாரி வைக்கிறது. அன்றைக்கு அந்த மதில்மேல் நின்றது யார் என்று இரண்டு பேருமே பார்ப்பதில்லை.

உள்ளே இருந்த கடைசிப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைனின் அம்மா செர்பியக்காரி. தரைப்பக்க மதிலைக் காத்த தளபதி ஜியுஸ்தினியானி இத்தாலியின் ஜெனோவாக்காரர். கடலோர மதிலில் ஒரு பகுதியைக் காத்தது யார் தெரியுமா? மெஹ்மதின் அரியணைக்குப் போட்டியாக இருந்த ஓர்ஹான் என்ற உஸ்மானிய இளவரசரும் அவரோடிருந்த துருக்கியரும். ஊர் விழுந்ததும் ஓர்ஹானின் தலையும் போனது.

வெளியே? மதிலைப் பிளந்த ராட்சத பீரங்கியை வார்த்த ஓர்பான் ஹங்கேரியக் கிறிஸ்தவர். முதலில் பேரரசரிடம்தான் வேலை கேட்டுப் போனார். கஜானா காலி. சுல்தான் கேட்டதைவிடக் கூடவே கொடுத்தார். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டியவர்கள் நோவோ பெர்டோ வெள்ளிச் சுரங்கத்திலிருந்து வந்த செர்பியர்கள். இதில் மதப்போர் எங்கே இருக்கிறது? சம்பளமும் வாரிசுச் சண்டையும்தான் எனக்குத் தெரிகிறது.

இந்த மதிலுக்கு இன்னொரு கதை உண்டு. 447இல் நிலநடுக்கத்தில் 57 கோபுரங்கள் சரிந்தன. ஹூணர்களின் தலைவன் அட்டிலா படையோடு வந்துகொண்டிருக்கிறான். தேரோட்டப் பந்தயத்தின் நீலக் கட்சி, பச்சைக் கட்சி ஆட்களை இறக்கி இரண்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். ஆம், நம்மூர் ரசிகர் மன்றங்கள் மாதிரிதான்! 1204இல் இந்த ஊரை ஒட்டச் சுரண்டியதும் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கிறிஸ்தவர்களே.

மெஹ்மதுக்குக் கிடைத்தது பாதி காலியான ஊர். ஆட்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றினார்கள்: அக்சராய் ஊரிலிருந்து துருக்கியர், இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவிலிருந்து ஆர்மீனியர், பால்கனிலிருந்து யூதர். 1492க்குப் பிறகு ஸ்பெயின் துரத்திய யூதர்களும் வந்து சேர்ந்தார்கள். இதைச் 'சகிப்புத்தன்மை' என்று பூச்சூட்ட எனக்கு மனசில்லை. பலரைக் கட்டாயப்படுத்தித்தான் கொண்டுவந்தார்கள். ஆனாலும் ஊர் கலந்தே வாழ்ந்தது.

அந்தக் கலப்பைக் கலைத்தது பீரங்கி இல்லை, இருபதாம் நூற்றாண்டின் கோப்புகள். 1942இல் துருக்கி அரசு சொத்து வரி என்ற பெயரில் கிரேக்கர், ஆர்மீனியர், யூதர் தலையில் பல மடங்கு சுமத்தியது. கட்ட முடியாதவர்களை வேலை முகாமுக்கு அனுப்பினார்கள். 1955 செப்டம்பரில் ஒரே இரவில் கிரேக்கர்களின் கடைகளும் தேவாலயங்களும் சூறையாடப்பட்டன. 1964இல் கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்தவர்களை 20 கிலோ சாமானோடு வெளியேற்றினார்கள். 1920களில் ஒரு லட்சம் கிரேக்கர் இருந்த ஊரில் இன்று சில ஆயிரம் பேர்.

மதிலை ஒட்டி சுலுகுலே என்ற ரோமா (ஜிப்சி) மக்களின் குடியிருப்பு இருந்தது. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பேர் போன இடம். நகரப் புதுப்பிப்பு என்று சொல்லி 2008 வாக்கில் இடித்தார்கள். அந்த மதில் 1985 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, பத்திரமாக. ஜனங்களை 40 கிலோமீட்டர் தள்ளி தாஷொலுக் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். மாதத் தவணையும் பஸ் செலவும் கட்டுப்படியாகாமல் பெரும்பாலானவர்கள் திரும்பி வந்து, இடித்த இடத்துக்குப் பக்கத்துத் தெருக்களிலேயே வாடகைக்குக் குடியேறினார்கள்.