அறநிலையத் துறை 1967-இல் வந்ததல்ல

“1967-க்குப் பிறகு வந்த நாத்திக ஆட்சிதான் நெல்லையப்பர் கோயிலைப் பறித்து அரசிடம் கொடுத்தது” என்று ஒருவர் எழுத, பலர் ஆமோதித்திருக்கிறார்கள். இது முழுத் தவறு.

கோயில் சொத்துகளைக் கண்காணிக்க 1817-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி சட்டம் போட்டது. 1920-களில் நீதிக்கட்சி ஆட்சி இந்து சமய அறநிலைய வாரியத்தை அமைத்தது. 1951-இல் அதை அரசுத் துறையாக மாற்றியது காங்கிரஸ் அரசு. இன்று நடப்பில் உள்ள 1959-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது முதல்வர் காமராஜர். அந்தச் சட்டப்படி ஆணையர் முதல் கீழ்நிலை அலுவலர் வரை இந்து சமயத்தவராகவே இருக்க வேண்டும். அந்தச் சமயத்தை விட்டால் பதவியும் போய்விடும். இதை எப்படி நாத்திகரின் கைவரிசை என்கிறீர்கள்?

நான் கடவுளை நம்பாதவன், பாளையங்கோட்டைக்காரன். ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிகளில் மின்கம்பிகளைக் கழற்றுகிற ஊழியரையும், வடம் பிடிப்பவர்கள் தாகத்துக்கு வீட்டு வாசலில் மோர்ப்பானை வைத்து ஊற்றுகிறவர்களையும் பார்த்தே வளர்ந்தேன். அந்தத் திருவிழா நிற்க வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கிறித்தவப் பேராலயத் திருவிழாவுக்கும் மேலப்பாளையம் பெருநாள் தொழுகைக்கும் அதே பாதுகாப்பு வேண்டும் என்றுதான் சொல்கிறேன். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பவர், அதிகாரியின் தலைக்கு மேல் எந்தக் கடவுளின் படம் மாட்டியிருக்கிறது என்று பார்த்துத் தயங்கக் கூடாது. நான் எதிர்ப்பது அந்தத் தயக்கத்தை உண்டாக்குகிற வழக்கத்தைத்தான்.